பெல்லட், பேட்ச், பீப்பாய்: வாசகர் கேள்வி – பதில்

ஏர் ரைஃபிள், ஏர் பிஸ்டல் பழகும் வாசகர்களும் அவர்களின் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொண்டோம். பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: எந்தக் குண்டை, அதாவது பெல்லட்டை, வாங்குவது? கடைசியில் வெடிமருந்தில் இயங்கும் .22 தோட்டா பற்றி இரண்டு கேள்விகளும் உண்டு.

மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பழகத் தொடங்கி நான்கு மாதம் ஆகிறது. கடையில் ஐந்தாறு வகை பெல்லட் டின்களை எடுத்து வைக்கிறார்கள். விலையில் இரண்டு மூன்று மடங்கு வித்தியாசம். எதை வாங்குவது?
– ஒரு தாய், வேளச்சேரி

முதலில் தலையைப் பாருங்கள். 10 மீட்டர் போட்டிக்குத் தட்டைத் தலை பெல்லட்தான் வேண்டும். அது காகித அட்டையில் பஞ்சிங் மெஷின் போட்டதுபோல வட்டமாகத் துளை போடும். உருண்டைத் தலையும் கூர் தலையும் காகிதத்தைக் கிழித்துக்கொண்டு போகும். துளையின் விளிம்பு எங்கே என்று அளப்பவருக்கே சந்தேகம் வந்துவிடும். கூர் முனை இருந்தால் துல்லியம் கூடும் என்று சில கடைகளில் சொல்வார்கள். நம்ப வேண்டாம். அந்த முனை அச்சில் நூலிழை விலகியிருந்தாலும் குண்டு தள்ளாடும்.

அடுத்தது எடை. ரைஃபிளுக்கு 0.53 கிராம், பிஸ்டலுக்கு 0.45 கிராம் என்பது பழக்கத்தில் உள்ள அளவு. சில டின்களில் இதையே கிரெய்ன் கணக்கில் 8.2 என்றும் 7.0 என்றும் அச்சிட்டிருப்பார்கள். ரைஃபிளில் 0.45 கிராம் போட்டால் துப்பாக்கி கெட்டுவிடாது, ஆனால் குண்டு விழும் இடம் மாறும். பயிற்சிக்கு ஓர் எடை, போட்டிக்கு வேறு எடை என்று மாற்றினால் ஒவ்வொரு முறையும் குறி பார்க்கும் சைட்டைத் திருத்த வேண்டியிருக்கும்.

மூன்றாவது தரம். ஜெர்மனியின் ஆர்.டபிள்யூ.எஸ். ஆர்10, எச் அண்ட் என் ஃபினாலே மேட்ச், செக் நாட்டின் ஜே.எஸ்.பி. மேட்ச் ஆகியவை உலகப் போட்டிகளில் புழங்குபவை. இதே நிறுவனங்கள் பயிற்சிக்கென்று விலை குறைந்த டின்களும் தருகின்றன. நான்கு மாதமே பழகிய குழந்தைக்குப் பயிற்சி டின் போதும். அவள் சுடும் குழு, அதாவது ஒரே இலக்கில் விழும் துளைகளின் கூட்டம், இன்று 25, 30 மில்லிமீட்டர் அகலத்தில் இருக்கும். மலிவான டின்னுக்கும் உயர்ந்த டின்னுக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். 60 ஷாட்டில் தசமக் கணக்கில் 600 புள்ளியைத் தொடும்வரை அந்தப் பணத்தை நல்ல ஷூட்டிங் ஜாக்கெட்டிலும் பயிற்சி நேரத்திலும் போடுங்கள் என்பதே எங்கள் கருத்து.

வாங்கும் அளவைப் பற்றியும் ஒரு கணக்கு. ஒரு டின்னில் பொதுவாக 500 குண்டுகள். ஒரு முழுப் போட்டி 60 ஷாட், அதற்கு முன் பார்வை சரிசெய்யும் ஷாட்களையும் சேர்த்தால் 80. வாரத்தில் ஐந்து நாள் இப்படிச் சுட்டால் வாரத்துக்கு 400, மாதத்துக்கு மூன்றரை டின். ஆறு டின்னாக வாங்குங்கள், ஆனால் ஆறும் ஒரே பேட்ச் எண்ணாக, அதாவது ஒரே தயாரிப்புத் தொகுதியாக, இருக்கட்டும். எண் டின்னின் அடியில் அல்லது ஸ்டிக்கரில் இருக்கும். கடைக்காரர் அலமாரியில் கைக்கு வந்ததை எடுத்துப் போட்டால், எண்ணைப் பார்த்து மாற்றித் தரச் சொல்லுங்கள்.

டின்னில் 4.49, 4.50 என்று போட்டிருக்கிறது. என் ரைஃபிளுக்கு எது? வெர்னியரில் அளந்து தெரிந்துகொள்ளலாமா?
– கல்லூரி மாணவர், தாம்பரம்

அந்த எண் குண்டின் தலை விட்டம், மில்லிமீட்டரில். 4.48-இலிருந்து 4.52 வரை கிடைக்கும். பீப்பாயின் உள்ளே இருக்கும் சுருள் வரிகளைப் பற்றிக்கொண்டு சுழல்வதற்குத் தலை சரியாகப் பொருந்த வேண்டும். பின்பக்கப் பாவாடை விளிம்பு, அதாவது ஸ்கர்ட், காற்றழுத்தத்தில் விரிந்து பின்னால் அடைத்துக்கொள்ளும். தலை சிறியதாக இருந்தால் குண்டு நேராக உட்காராமல் போகலாம். பெரியதாக இருந்தால் உராய்வு கூடி வேகம் ஷாட்டுக்கு ஷாட் மாறும்.

வெர்னியரில் அளப்பதால் பயனில்லை. ஈயம் மெத்தென்றது. நீங்கள் பிடிக்கும் அழுத்தத்திலேயே நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் நசுங்கிவிடும், நீங்கள் தேடும் வித்தியாசமோ அதே அளவுதான். பீப்பாயும் ஒரே மாதிரி கிடையாது. ஒரே கம்பெனி, ஒரே மாடல், அடுத்தடுத்த சீரியல் எண் கொண்ட இரண்டு ரைஃபிள்களில் ஒன்று 4.49-ஐயும் மற்றது 4.50-ஐயும் விரும்பும். இன்னும் சொன்னால், 4.50 என்று அச்சிட்ட இரண்டு பேட்ச்களில் ஒன்று அருமையாகக் குழு சேரும், இன்னொன்று சிதறும். ஏனென்றால் அச்சு தேய்கிறது, மாற்றப்படுகிறது, ஈயக் கலவை சற்று மாறுகிறது. ஆகவே டின்னில் உள்ள எண் எங்கே தொடங்குவது என்று சொல்லும், அவ்வளவுதான். முடிவைச் சொல்ல வேண்டியது உங்கள் பீப்பாய்.

அதைக் கேட்கும் முறை இது. உங்கள் பயிற்சி மையத்தில் வைஸ், அதாவது ரைஃபிளை அசையாமல் பிடிக்கும் இடுக்கி, இருந்தால் நல்லது. ரைஃபிளின் ஆக்‌ஷனை, அதாவது பீப்பாய் பொருத்தப்பட்ட உலோகப் பெட்டியை, ரப்பர் அல்லது தோல் வைத்த தாடையில் இறுக்குங்கள். பீப்பாயை நேரடியாக இறுக்கக் கூடாது, அதன் அதிர்வே மாறிவிடும். பீப்பாயை ஃபெல்ட் பெல்லட் (சுத்தம் செய்யும் கம்பளித் துணிக் குண்டு) மூன்று போட்டுச் சுத்தம் செய்யுங்கள். சுத்தமான பீப்பாயில் முதல் சில குண்டுகள் விலகித்தான் போகும், அதனால் சோதிக்கப்போகும் பேட்சில் 10 முதல் 15 குண்டுகளைக் கணக்கில் சேர்க்காமல் சுட்டுத் தள்ளுங்கள். பிறகு ஒரே புள்ளியில் 10 ஷாட். அட்டையை மாற்றி மறுபடி 10. மறுபடி 10. அடுத்த பேட்சுக்குப் போகும்போது முந்தைய பேட்சின் ஈயப் படலம் பீப்பாயில் இருக்கும், எனவே மீண்டும் 10 குண்டைச் சுட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

ரைஃபிளின் காற்றுச் சிலிண்டர் அழுத்தம் எல்லா பேட்சுக்கும் ஒரே எல்லைக்குள் இருக்கட்டும், 180-க்கும் 120 பாருக்கும் (பார் என்பது அழுத்த அலகு) இடையே என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பேட்சை நிரம்பிய சிலிண்டரிலும் அடுத்ததைத் தீரும் சிலிண்டரிலும் சோதித்தால், குண்டைச் சோதித்தீர்களா, காற்றைச் சமமாக விடும் ரெகுலேட்டரைச் சோதித்தீர்களா என்றே தெரியாது. அட்டையின் முகப்பில் பேட்ச் எண் எழுதாதீர்கள், பின்பக்கம் எழுதுங்கள். விலை உயர்ந்த டின்னுக்குக் கண் தானாகச் சாதகமாக அளந்துவிடும்.

அளக்கும்போது குழுவின் வெளி விளிம்பிலிருந்து எதிர் விளிம்புவரை வெர்னியரில் எடுங்கள். அதிலிருந்து குண்டின் விட்டமான 4.5-ஐக் கழித்தால் மையங்களுக்கு இடையே உள்ள தூரம் கிடைக்கும். காகிதத் துளை குண்டைவிடச் சற்றுச் சுருங்கியிருக்கும். ஆனால் எல்லா அட்டையிலும் அதே அளவு சுருங்குவதால் ஒப்பீட்டுக்குத் தடையில்லை.

இந்த எண் ஏன் முக்கியம்? ரைஃபிள் அட்டையில் 10 என்பது 0.5 மி.மீ. புள்ளி. குண்டின் மையம் அதிலிருந்து 2.5 மி.மீ.க்குள் விழுந்தால் 10.0. அங்கிருந்து உள்ளே ஒவ்வொரு கால் மில்லிமீட்டருக்கும் 0.1 கூடி 10.9 வரை போகும். வைஸில் குழுவின் வெளிவிட்டம் 5.5 என்றால் மையங்களிடையே 1 மி.மீ. நடுவிலிருந்து மிக விலகிய குண்டுகூட அரை மில்லிமீட்டர்தான், 10.8. வெளிவிட்டம் 7.5 என்றால் மிக விலகியது ஒன்றரை மில்லிமீட்டர், 10.4. நீங்கள் எந்தத் தவறும் செய்யாமல், சுடும் குண்டே உங்களிடமிருந்து நான்கைந்து தசமம் பறித்துக்கொள்கிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 60 ஷாட்டில் 630.7 புள்ளி எடுத்தும் 10-ஆம் இடத்தில் நின்றார். இறுதிச் சுற்றுக்கு எட்டுப் பேர்தான். அந்த மட்டத்தில் ஒவ்வொரு தசமமும் இடத்தை மாற்றுகிறது.

ஐந்து ஷாட் குழுவை வைத்து முடிவெடுக்காதீர்கள். மோசமான பேட்ச்கூட அதிர்ஷ்டத்தில் ஐந்தை ஒரே ஓட்டையில் போடும். சோதனையில் முதலில் வந்த இரண்டு பேட்ச்களை இன்னொரு நாள் மறுபடி மோதவிடுங்கள். இரண்டாம் நாளும் ஜெயித்தால் வாங்குங்கள், தாமதிக்காமல். அந்த பேட்ச் கடையில் தீர்ந்துவிட்டால் திரும்ப வராது. போட்டி ஆடுபவர்கள் ஒரு சீசனுக்கு 10 டின், அதாவது 5,000 குண்டு, எடுத்து வைத்துக்கொள்வது இதனால்தான். அதைப் போட்டிக்கும் போட்டிக்கு முந்தைய வாரத்துக்கும் வைத்துக்கொண்டு, அன்றாடப் பயிற்சிக்குக் குறைந்த விலை டின்னைப் பயன்படுத்தலாம்.

வைஸ் இல்லாதவர்கள் மணல் மூட்டைமேல் வைத்து, மையத்திலேயே நன்றாகச் சுடும் ஒருவரைச் சுடச் சொல்லலாம். அப்போது நுண்ணிய வித்தியாசம் பிடிபடாது. ஆனால் மிக மோசமான பேட்சை ஒதுக்க அது போதும்.

நகைத் தராசில் ஒவ்வொரு குண்டாக எடை போட்டுப் பிரித்தால் புள்ளி கூடுமா?
– வாசகர், புரசைவாக்கம்

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஏர் ரைஃபிள் குண்டு விநாடிக்கு 170 மீட்டர் அளவில் போகிறது. 10 மீட்டரைக் கடக்க 0.059 விநாடி. அதற்குள் புவியீர்ப்பில் 17 மி.மீ. கீழே இறங்குகிறது. வேகம் 1 சதவீதம் குறைந்தால் இறக்கம் 2 சதவீதம் கூடும், அதாவது 0.34 மி.மீ. குண்டின் எடை 1 சதவீதம் கூடினால், தள்ளும் ஆற்றல் அதேதான் என்பதால் வேகம் அரை சதவீதம் குறையும். குண்டு 0.17 மி.மீ. கீழே விழும். ஒரு தசமத்துக்கும் குறைவு. நல்ல மேட்ச் டின்னில் எடை வேறுபாடு பெரும்பாலும் இந்த 1 சதவீதத்தைச் சுற்றியே இருக்கும்.

ஒரு டின்னைப் பிரிக்க இரண்டு மணி நேரம் ஆகும். அந்த இரண்டு மணி நேரத்தில் கண்ணால் பார்த்து ஸ்கர்ட் நசுங்கியவற்றை ஒதுக்குங்கள், அது உண்மையில் புள்ளி தரும். விளிம்பில் சின்னப் பள்ளம் இருந்தால் காற்று அந்த ஓரத்தில் முந்திக் கசிந்து, பீப்பாய் வாயை விட்டு வெளியேறும் நொடியில் குண்டைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். 0.17 மி.மீ. இல்லை, பல மில்லிமீட்டர் விலகும்.

ஏர் பிஸ்டலுக்கும் இந்த பேட்ச் சோதனை அவசியமா?
– வாசகர், அண்ணா நகர்

அவ்வளவு அவசியமில்லை. பிஸ்டல் அட்டையில் 10-இன் விட்டம் 11.5 மி.மீ. குண்டின் மையம் நடுவிலிருந்து 8 மி.மீ. விலகினாலும் 10 கிடைக்கும். தகுதிச் சுற்றில் தசமம் பார்ப்பதுமில்லை. 600-க்கு 570-ஐத் தாண்டும்வரை எந்த நல்ல மேட்ச் டின்னும் சரி. நசுங்கிய குண்டை ஒதுக்குவது மட்டும் பிஸ்டலுக்கும் பொருந்தும்.

மூன்று மாதம் நன்றாக இருந்த ரைஃபிள் திடீரென்று சிதறுகிறது. அதே பேட்ச், அதே ஆள். பத்துக்கு இரண்டு குண்டு 9-க்குப் போகிறது. பீப்பாய் தேய்ந்துவிட்டதா?
– வாசகர், ஆவடி

ஈயக் குண்டு மூன்று மாதத்தில் பீப்பாயைத் தேய்க்காது. அந்தப் பயத்தை விடுங்கள். செலவில்லாத காரணங்களிலிருந்து வரிசையாகப் போவோம்.

ஆக்‌ஷனை ஸ்டாக்குடன், அதாவது பிடித்துச் சுடும் உடற்பகுதியுடன், இணைக்கும் திருகுகளைச் சோதியுங்கள். தயாரிப்பாளர் சொன்ன டார்க் (இறுக்க விசை) அளவில் இறுக்குங்கள், கைக்கு வந்தபடி அல்ல. அடுத்து பின் சைட், முன் சைட் பிடிமானத் திருகுகள். சிதறல் புகார்களில் பெரும் பங்கு இங்கேயே முடிந்துவிடும்.

சிலிண்டர் மீட்டரைப் பாருங்கள். அழுத்தம் 70, 80 பாருக்குக் கீழே போனதும் ரெகுலேட்டரால் சமமான காற்றைத் தர முடியாமல் குண்டுகள் படிப்படியாகக் கீழே இறங்கும். விநாடிக்கு 170 மீட்டர் 165 ஆனால் குண்டு 1 மி.மீ. கீழே, நான்கு தசமம் போச்சு. குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் கிடைத்தால் 20 ஷாட் எடுங்கள். வேகம் இரண்டு மூன்று மீட்டருக்குள் நின்றால் ரெகுலேட்டரைக் குறை சொல்ல முடியாது.

சற்று நேரம் ஓய்வு விட்டுச் சுடும் முதல் ஷாட் மட்டும் விலகி, அடுத்தடுத்து சரியாகப் போகிறது என்றால் நோய் தெளிவு. ரெகுலேட்டரின் வால்வு இருக்கை முழுதாக மூடாமல், காத்திருக்கும் நேரத்தில் உள் அழுத்தம் மெல்ல ஏறுகிறது. இதை வீட்டில் பிரிக்காதீர்கள், சர்வீஸ்காரரிடம் கொடுங்கள்.

பிறகு குண்டு வைக்கும் இடத்து ஓ-ரிங். குண்டில்லாமல், பீப்பாய் இலக்குத் திசையில் இருக்க, லோடிங் வாயின்மேல் மெல்லிய டிஷ்யூ காகிதத் துண்டை வைத்துக் காற்றை மட்டும் விடுங்கள். காகிதம் பறந்தால் ஓ-ரிங் வெட்டுப்பட்டிருக்கிறது. சின்ன ரப்பர் வளையம்தான். பழையதைக் குண்டூசியால் நெம்பாதீர்கள், பள்ளத்தில் கீறல் விழும்.

கடைசியாக ஈயப் படிவு. 500 ஷாட்டுக்கு ஒருமுறை ஃபெல்ட் பெல்லட் இரண்டு மூன்று போட்டால் போதும். பித்தளைப் பிரஷ்ஷும் கரைப்பானும் .22 பீப்பாய்க்கு உரியவை, இங்கே ஓ-ரிங்கைத்தான் அரிக்கும்.

இவ்வளவும் சரியென்றால் அதே ரைஃபிளை உங்கள் பயிற்சியாளரிடம் கொடுத்துச் சுடச் சொல்லுங்கள். அவர் கையில் குழு சேர்ந்தால் காரணம் கன்னம் ஸ்டாக்கில் படும் இடம் அல்லது ஸ்டாக்கின் பின்னால் தோளில் பதியும் பட்டையின் உயரம்.

டைவிங் கடையில் காற்று நிரப்பித் தருகிறார்கள், தூரம் அதிகம். பக்கத்தில் வெல்டிங் பட்டறைக்காரர் ஆக்சிஜன் நிரப்பித் தருகிறேன் என்கிறார். காற்றில் இருப்பதும் ஆக்சிஜன்தானே?
– வாசகர், சோழிங்கநல்லூர்

வேண்டவே வேண்டாம். அழுத்தமேறிய தூய ஆக்சிஜன் ஒரு துளி எண்ணெய் அல்லது கிரீஸைத் தொட்டால் தீப்பற்றி வெடிக்கும். ரைஃபிளின் உள்ளே உள்ள ரப்பரும் மசகும் அதற்கு எரிபொருள்தான். முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்துச் சுடும் கருவி இது. நிரப்ப வேண்டியது உலர்ந்த, சுத்தமான சாதாரணக் காற்று மட்டும்.

உலர்ந்த என்பதை அழுத்திச் சொல்கிறோம். நம் கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம். 200 பாருக்குச் சுருக்கும்போது அந்த ஈரம் தண்ணீராகிறது. ஈரம் பிரிக்கும் ஃபில்டர் இல்லாத கம்ப்ரஸரில் நிரப்பினால் சிலிண்டரின் உள்சுவர் அரிக்கும், ரெகுலேட்டர் ஒட்டிக்கொள்ளும். கைப்பம்பு வைத்திருந்தால் ஃபில்டரோடு வாங்குங்கள். ஐம்பது முறை அடித்ததும் நிறுத்திப் பம்பை ஆறவிட்டு, ஈரத்தை வெளியேற்றும் திருகைத் திறந்துவிட்டுத் தொடருங்கள்.

நிரப்பிய சிலிண்டரை வெயிலில் நிற்கும் காரில் விடாதீர்கள். 30 டிகிரியில் 200 பார் இருந்தது, மூடிய கார் 60 டிகிரிக்கு ஏறினால் 220 பார் ஆகும். சிலிண்டரில் பொறித்த தேதியையும் இன்றே பாருங்கள். தயாரிப்பிலிருந்து பெரும்பாலும் 10 ஆண்டுதான் அனுமதி. காலாவதியான சிலிண்டரைப் போட்டியின் உபகரணச் சோதனையில் திருப்பி அனுப்புவார்கள். அனுப்பாவிட்டாலும் நீங்கள் பயன்படுத்தக் கூடாது.

அலமாரியில் வைத்திருந்த டின்னைத் திறந்தால் குண்டுகளில் வெள்ளைப் பொடி படிந்திருக்கிறது. துடைத்துவிட்டுச் சுடலாமா?
– வாசகி, பெசன்ட் நகர்

அது ஈயம் அரிபட்டு வந்த உப்பு. பொடி படிந்த குண்டு பீப்பாயில் உராயும், கையில் ஒட்டும், மூச்சில் போனால் நஞ்சு. துடைக்காமல் டின்னை மூடிப் பழைய ஈயம் வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள்.

காரணம் இரண்டு. ஒன்று ஈரமான உப்புக் காற்று. மற்றொன்று அலமாரியே. புது மரப் பலகையும் ஒட்டுப் பலகையும் அசிட்டிக் அமில ஆவியை மெல்ல வெளிவிடும், ஈயத்தை அது வேகமாக அரிக்கும். சமையலறை வினிகர் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாலும் இதே கதிதான். டின்களைக் காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பாவில், இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்து இரும்பு பீரோவில் வையுங்கள். டின்னுக்குள் வரும் ஸ்பாஞ்ச் தட்டைத் தூக்கி எறியாதீர்கள். வேளச்சேரி சாலைப் பள்ளங்களில் ஸ்கூட்டரில் வரும்போது 500 குண்டும் ஒன்றோடொன்று மோதி ஸ்கர்ட் நசுங்காமல் காப்பது அந்தத் தட்டுதான். பாதி தீர்ந்த டின்னில் அதன்மேல் இன்னும் ஒரு துண்டு ஸ்பாஞ்சை வைத்து அமுக்கி மூடுங்கள்.

ஸ்பிரிங் ஏர் ரைஃபிளுக்கும் ஃபெல்ட் பெல்லட் போடலாமா?
– வாசகர், திருவொற்றியூர்

கூடாது. ஸ்பிரிங் ரைஃபிளில் பிஸ்டன் முன்னால் பாயும்போது, குண்டின் எடைதான் காற்று மெத்தையை உண்டாக்கிப் பிஸ்டனை மெல்ல நிறுத்துகிறது. ஃபெல்ட் இலேசானது, எதிர்ப்பே இருக்காது. பிஸ்டன் முன்சுவரில் அப்படியே மோதும், சீல் உடையும். குண்டில்லாமல் விசையை இழுப்பதும் இதே கேடு. உள்ளே கயிறு விட்டு இழுத்துச் சுத்தம் செய்யுங்கள்.

குழந்தைகள் ஈயக் குண்டைக் கையில் எடுத்துப் பழகுகிறார்கள். ஆபத்தில்லையா?
– ஒரு தந்தை, அம்பத்தூர்

கவனிக்காவிட்டால் ஆபத்துதான். குழந்தையின் இரத்தத்தில் இந்த அளவு ஈயம்வரை பாதுகாப்பு என்று சொல்லத்தக்க எல்லை ஏதும் இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. தோல் வழியாக ஈயம் பெரிதாகப் போவதில்லை. கையிலிருந்து வாய்க்குப் போவதும் தூசியாக மூச்சில் போவதும்தான் வழி.

எனவே சுடும் இடத்தில் முறுக்கு, பிஸ்கட், தண்ணீர் பாட்டில் வேண்டாம். குண்டை உதட்டில் பிடித்துக்கொண்டு லோட் செய்யும் பழக்கம் சில பிள்ளைகளிடம் உண்டு, முதல் நாளே நிறுத்துங்கள். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே டிபன் பாக்ஸைத் திறக்கட்டும். சானிடைசர் ஈயத்தை அகற்றாது. பயிற்சி உடையைத் தனியாகத் துவையுங்கள். குண்டு விழும் பெட்டியைச் சுத்தம் செய்வது பெரியவர் வேலை: முகக்கவசம் போட்டு, ஈரத் துணியால். துடைப்பத்தால் பெருக்கினால் தரையில் இருந்த ஈயத்தூசி முழுக்க மூச்சுக் காற்றுக்கு வந்துவிடும். வீட்டு மொட்டை மாடியில் பழகுபவர்கள் பெட்டியைச் செடித் தொட்டிகளிலிருந்தும் தண்ணீர்த் தொட்டியிலிருந்தும் தள்ளி வையுங்கள். கர்ப்பிணிகள் அந்தப் பக்கம் வராதிருப்பது நல்லது.

50 மீட்டருக்கு .22 ரைஃபிள் சுடுகிறேன். தோட்டா விலை கட்டுப்படியாகவில்லை. சுட்டு முடிந்த காலி கேஸை (தோட்டாவின் கூட்டை) எடுத்து மறுபடி நிரப்பிக்கொள்ளலாம் என்று வெளிநாட்டு வீடியோக்களில் பார்த்தேன்.
– வாசகர், மயிலாப்பூர்

அந்த வீடியோக்களில் நீங்கள் பார்த்தது நடுவில் பிரைமர், அதாவது தீ மூட்டும் சிறு மூடி, வைத்த பெரிய கேஸ்களை. .22 தோட்டா வேறு வகை. அதில் தனி பிரைமரே கிடையாது. பற்றவைக்கும் மருந்து கேஸின் அடி விளிம்புக்குள் சுழற்றிப் பரப்பப்பட்டிருக்கும். விசையை இழுத்ததும் பாயும் ஸ்டிரைக்கர் அந்த விளிம்பை நசுக்கித்தான் தீ மூட்டுகிறது. ஒருமுறை நசுங்கிய விளிம்பு முடிந்த கதை.

சட்டமும் இடம் தராது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். உங்கள் துப்பாக்கி உரிமம் தோட்டா வாங்குவதற்கும் வைத்திருப்பதற்கும்தான்.

செலவைக் குறைக்க வழி வேறு. ஏர் பெல்லட்டுக்குச் சொன்னதேதான் இங்கும்: லாட் சோதனை, அதாவது தோட்டாவின் பேட்ச் சோதனை. 50 மீட்டர் அட்டையில் 10-இன் விட்டம் 10.4 மி.மீ. ஒரே பிராண்டின் நடுத்தர விலைத் தோட்டாவில் நான்கு லாட் எடுத்து, ஒவ்வொன்றிலும் 10 ஷாட் வீதம் நான்கு குழு சுட்டுப் பாருங்கள். உங்கள் பீப்பாய்க்கு ஒத்துப்போகும் நடுத்தர லாட், ஒத்துப்போகாத உயர்விலை லாட்டை எளிதாக மிஞ்சும். லாட் மாற்றும்போது பீப்பாயைச் சுத்தம் செய்து 15 ஷாட் விட்டுவிட்டு அளக்கத் தொடங்குங்கள், பழைய லாட்டின் மெழுகு போக அவ்வளவாகும். மற்றபடி வாரத்தில் மூன்று நாளை ஏர் ரைஃபிளிலும், தோட்டா இல்லாமல் விசையை இழுத்துப் பழகும் வெற்று டிரிகர் பயிற்சியிலும் கழியுங்கள். .22-இல் வெற்று டிரிகர் இழுப்பதற்குத் தயாரிப்பாளர் அனுமதித்த முறையில் மட்டும், ஸ்டிரைக்கர் அறை விளிம்பில் இடித்துவிடக் கூடாது.

25 மீட்டர் ஸ்போர்ட்ஸ் பிஸ்டல். புது லாட் .22 போட்டதிலிருந்து காலி கேஸ் வெளியே போகாமல் குறுக்கே மாட்டிக்கொள்கிறது. பிஸ்டல் கோளாறா, தோட்டா கோளாறா?
– வாசகர், பல்லாவரம்

தானாக அடுத்த தோட்டாவை ஏற்றும் பிஸ்டலில், பின்னால் பாயும் போல்ட்டை நகர்த்துவது தோட்டாவின் சக்திதான். லாட் சற்று மென்மையாக இருந்தால் போல்ட் முழுத் தூரம் போகாது, கேஸ் பாதியில் சிக்கும். பழைய லாட்டில் பத்துத் தோட்டா மீதி இருந்தால் போட்டுப் பாருங்கள். அது தடையின்றி ஓடினால் விடை கிடைத்துவிட்டது.

பழையதும் சிக்கினால் சேம்பரில் (தோட்டா உட்காரும் அறையில்) மெழுகும் கரியும் படிந்திருக்கும், அல்லது கேஸை இழுக்கும் கொக்கியின் அடியில் அழுக்கு அடைந்திருக்கும். அதையும் சுத்தம் செய்தபின் சிக்கினால் தோட்டாக்களை அடுக்கும் மேகஸினைப் பாருங்கள். மேகஸின்களுக்கு 1, 2, 3 என்று எண் போட்டு வைத்தால் எதில் சிக்குகிறது என்று ஒரே நாளில் தெரியும். வாய் விளிம்பு வளைந்த மேகஸினை நீங்களாக நிமிர்த்தாமல் மாற்றிவிடுங்கள். ரீகாயில் ஸ்பிரிங்கை வெட்டிச் சக்தி குறைக்கும் யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

25 மீட்டர் நிதானச் சுற்று அட்டையில் 10-இன் விட்டம் 50 மி.மீ. ஆகவே இந்தப் போட்டிக்கு லாட் தேர்வில் குழுவின் அகலம் இரண்டாம்பட்சம். ஐந்து ஐந்தாகப் பத்துத் தொடர், 50 தோட்டா ஒரு தடையும் இல்லாமல் ஓடுகிறதா என்பதே முதல் கேள்வி. ஒன்று சிக்கினாலும் அந்த லாட்டைப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள்.

விசை இழுத்தும் வெடிக்காத தோட்டா வந்தால் பிஸ்டலை இலக்குத் திசையிலேயே பிடித்துக்கொண்டு 30 விநாடி காத்திருங்கள். தாமதமாக வெடிப்பதும் உண்டு. பிறகு மற்றக் கையைத் தூக்கி ரேஞ்ச் அதிகாரியை அழையுங்கள். எடுத்த தோட்டாவைப் பாக்கெட்டில் போடாமல் ரேஞ்சில் அதற்கென்று வைத்த டப்பாவில் போடுங்கள்.